அப்பாவுக்குச் சொன்னது

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? உன் பெண் சின்னவள் பரீட்சை நன்றாக எழுதினாளா? உன் இருமலைப் பற்றி நீயாகச் சொல்லமாட்டாய், அதையும் அண்ணிதான் எழுதவேண்டும்.

சிரிக்காமல் படி. உன் தங்கை மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர், சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ், எதுவும் போதாதாம். எங்கள் பள்ளியில் இப்போது பாதிப் பிள்ளைகள் வீட்டில் வேறு வேறு பாஷை பேசுகிறவர்கள். ஆகவே எந்தப் பாடம் நடத்துகிறவரானாலும், இங்கிலீஷை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியை முடித்தாக வேண்டுமென்று உத்தரவு. எட்டு மாதம், சனிக்கிழமை முழுநாள். முடிக்காவிட்டால் வகுப்பு கிடையாது. அலுவலக அறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போடவேண்டியதுதான்.

பயிற்சி கொடுக்கிற அம்மாவுக்கு என் பாதி வயது. முதல் நாள் உள்ளே வந்தாள், வணக்கம்கூடச் சொல்லாமல் எங்களில் யாருக்குமே தெரியாத ஏதோ ஒரு பாஷையில் நாற்பது நிமிஷம் பின்னம் நடத்தினாள். பின்னம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் திருதிருவென்று முழித்தேன். பக்கத்தில் முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவர், நைசாக என் தாளைப் பார்த்து எழுதப் பார்த்தார். பாவம், என் தாள் வெறுமையாக இருந்தது. கேள்வி என் பக்கம் வந்தபோது கழிப்பறைக்குப் போகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். ஐம்பத்தோரு வயதில்!

பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை கொடுக்கவேண்டும். நம் வீட்டில் யார் எப்படி இங்கிலீஷ் கற்றார்கள், யாருக்கு அது கைவரவில்லை, ஏன் என்று. அதைச் சரியாக எழுதினால்தான் சான்றிதழ். எனக்கு எழுத உட்கார்ந்தால், எல்லோரும் இங்கிலீஷ் பேசுகிற புது ஊருக்கு நாம் போன அந்த முதல் வருஷம்தான் வருகிறது. உனக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்பு.

அண்ணிக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

தங்கை


ஆகஸ்ட் 30

வாயாடிக்கு அண்ணன் எழுதுவது,

கடிதம் வந்தது. நாங்கள் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருமல் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நீ கையைத் தூக்கிய இடத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி சமையலறையில் உட்கார்ந்து சிரித்தாள். மாணவர்களின் சாபம் சும்மா விடுமா?

நீ போன் செய்திருக்கலாம் என்கிறாள் இவள். போன் செய்தால் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், அரைமணி நேரம் போய்விடும். எனக்குக் காகிதம்தான் தோது.

இங்கே என் பாடும் உன் பாடுதான். லிஃப்ட் வேலைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நான் சொல்வது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் சொல்வது எனக்குப் புரியாது. பிரேக்கைத் தொட்டுக் காட்டுகிறேன். கம்பிவடத்தில் எங்கே இழை பிரிந்திருக்கிறது என்று அவர்கள் விரலைப் பிடித்துத் தடவ வைக்கிறேன். ஒருவன் தலையாட்டிக்கொண்டே இருப்பான், மற்றவன் ஆட்டமாட்டான். ஆட்டாதவன்தான் மறுநாள் சரியாகச் செய்கிறான். உன் பயிற்சி அம்மாவிடம் இதைச் சொல்லு, எனக்கும் ஒரு சான்றிதழ் தரட்டும்.

அந்த வருஷத்தைப் பற்றி யோசித்து எழுதுகிறேன்.

அண்ணன்


அக்டோபர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவருக்கு மூன்று நாள் காய்ச்சல், இப்போது எழுந்து நடமாடுகிறார்.

போன சனிக்கிழமை பயிற்சியில் ஒன்று சொன்னார்கள். புது பாஷைக்குள் வந்து விழுந்த பிள்ளை பல மாதம் வாயே திறக்காமல் இருக்குமாம். சிலது ஒரு வருஷம்கூட இருக்குமாம். "பேசாத பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலைன்னு முடிவு கட்டிடாதீங்க. அது கேட்டுக்கிட்டு இருக்கு. உள்ளே சேர்த்துக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல அதைப் பிடுங்கி வேற இடத்துல நட்டுடாதீங்க" என்றாள் அந்தப் பயிற்சி அம்மா. எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் வகுப்பில் அப்படி ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். வந்து ஐந்து மாதம் ஆகிறது, ஒரு வார்த்தை கிடையாது. அவளை மெதுவாகப் படிப்பவர்களின் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று ஜூன் மாதமே நான் எழுதிக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை போய் அந்தத் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

அண்ணா, நம் வீட்டில் எல்லோரும் உன்னைக் கல்லுளிமங்கன் என்றோமே. "இவனுக்குப் படிப்பு ஏறலை" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாரே. அந்த ஆறாம் வகுப்பு உனக்கு எப்படி இருந்தது? வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினாரே, அந்த நாள் நினைவிருக்கிறதா? எனக்கு அந்த இடத்தில்தான் பேனா நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


அக்டோபர் 27

வாயாடிக்கு,

மாப்பிள்ளையை நன்றாக ஓய்வெடுக்கச் சொல். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் லிஃப்ட் குழியில் தண்ணீர், எனக்குத் தினமும் வேலை.

நீ கேட்டதை நினைத்து நினைத்து எழுதுகிறேன். வகுப்புக்கு வெளியே மழைக்கோட்டு மாட்டுகிற கொக்கிகள் வரிசையாக இருக்கும். என் கொக்கிக்கு நேர்கீழே ஒரு ஓட்டை வாளி. கோட்டெல்லாம் நனைந்து ஒரு வாடை அடிக்கும், இன்றைக்கும் அந்த வாடை வந்தால் வேறு பக்கம் போய்விடுவேன். நான் ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. எதிரே ஏதோ பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வாத்தியார் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மாடிகளை எண்ணுவேன். ஒன்பதாவது மாடி வந்தபோது எனக்கு அந்த வருஷம் முடிந்துவிட்டது.

பென்சிலைக் காதில் செருகி வைத்துக்கொண்டு அதையே தேடுவாரே, அந்த வாத்தியார்தான். கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் எழுப்பி நிறுத்தியதில்லை.

நம் வீடு துணி வெளுக்கும் கடைக்கு மேலே. தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும், அம்மா செருப்பில்லாமல் நடந்து சந்தோஷப்படுவாள். சாயங்காலம் மாடிப்படியில் நீ எனக்கு டீச்சர். கையில் அப்பாவின் தையல் அளவுகோல் வேறு. "சொல்லுடா, கதவு, சொல்லு!" என்பாய். நான் சொல்லமாட்டேன். நீ கீழ்ப்படியில் இறங்கி என் பதிலையும் நீயே சொல்லிவிட்டு, மேல்படி ஏறி "வெரி குட்" என்பாய். அந்த மாடிப்படிபோல ஒரு இடம் அப்புறம் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

நீ கேட்ட அந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை.

அண்ணன்


டிசம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? உன் கடிதத்தை இவர் இரண்டு தடவை படித்தார். அளவுகோல் விஷயத்தை வைத்து இப்போது என்னைக் கேலி பண்ணுகிறார்.

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. கொக்கி, மாடிப்படி எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், அதெல்லாம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் ஒரு வரிக்கு அடியில் பென்சிலால் கோடு. "குடும்பச் சூழ்நிலை காரணமாக அண்ணன் படிப்பை நிறுத்தினார்" என்ற வரி. பக்கத்தில், "உங்க பிள்ளைங்க இப்படி எழுதினா விட்டுடுவீங்களா?" என்று பயிற்சி அம்மா கேட்டிருக்கிறாள். மார்ச் கடைசிக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும்.

அந்த வரியைத் திருத்த எனக்குத் தைரியம் வேண்டும். உன் சம்மதமும் வேண்டும். உனக்கு நிஜமாகவே நினைவில்லையா?

தங்கை


டிசம்பர் 15

வாயாடிக்கு,

நலம். மருத்துவமனை லிஃப்ட் இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன, மூச்சு விட நேரமில்லை.

குடும்பச் சூழ்நிலை என்பது பொய்யில்லையே. அப்படியே இருக்கட்டும். கிளறி என்ன ஆகப்போகிறது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அண்ணன்


ஜனவரி 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி, சின்னவள், நீ எல்லோரும் நலமாக இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

நேற்று அந்தப் பேசாத பெண்ணின் அப்பா அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் எங்களுக்கு நடுவில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள், கால் தரையில் எட்டவில்லை. நான் பேச வாயைத் திறந்ததும் அந்த அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தங்கச்சி முகத்தையே பார்த்தார்.

பயிற்சியில் எங்களுக்குக் கண்டிப்பாகச் சொன்ன விதி ஒன்று உண்டு. பள்ளிக்கும் பெற்றோருக்கும் நடுவில் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. எதற்கு இப்படி ஒரு விதி என்று மற்றவர்கள் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. கூட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, வளர்ந்த ஆள் ஒருவரை வரவழைத்து இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம் என்று அனுப்பினேன். 

அண்ணா, வாத்தியார் கூப்பிட்டு அப்பாவும் நீயும் நானும் போனோமே, அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. அப்பா என் தோளில் கைவைத்து, "என் பொண்ணுதான் எனக்கு வாய்" என்று வாத்தியாரிடம் தமிழிலேயே சொன்னார். வாத்தியார் பேச ஆரம்பித்தார். நீளமாக, நிதானமாகப் பேசினார். எனக்கு 'பேசவில்லை' புரிந்தது. 'இன்னும் ஒரு வருஷம்' புரிந்தது. மற்றதெல்லாம் புரியவில்லை. அப்பா, "என்னம்மா சொல்றாரு?" என்றார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை ஊரெல்லாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர் அவர்.

"அண்ணனுக்குப் படிப்பு வராதாம்பா. இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் இப்படியேதான் இருப்பானாம்" என்றேன்.

அப்பா எழுந்து வாத்தியார் கையைப் பிடித்து, தெரிந்த ஒரே வார்த்தையில் "தேங்க்யூ, தேங்க்யூ" என்றார். வாத்தியாரும் சிரித்தபடி கை குலுக்கினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை உன்னை லிஃப்ட் கம்பெனியில் கொண்டுபோய் விட்டார்.

இதுவரைக்கும் சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தாள் என்று நீ சொல்லலாம். மீதியையும் கேள். பத்து நாள் கழித்து வாத்தியார் என்னை நடையில் நிறுத்தி, எனக்குப் புரியும்படி ஒவ்வொரு வார்த்தையாக, "உன் அண்ணன் எங்கே? நான் இருக்கச் சொன்னேனே" என்று கேட்டார். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே ஓடிவந்து அப்பாவிடம் சொல்லியிருந்தால் நீ மறுநாள் பெஞ்சுக்குத் திரும்பியிருப்பாய். நான், "வெளியூர் போய்ட்டான் சார்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.

நாற்பத்திரண்டு வருஷமாக இதை மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். உன் படிப்பு நின்றது, நான் படித்து டீச்சரானேன். உனக்கு ஒன்றும் புரியாமல் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தாய், உனக்காகப் பேச ஒருத்தரும் இல்லை, இருந்த ஒருத்தி நான். மன்னித்துவிடு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு அண்ணா.

நீ வேண்டாம் என்றால் கட்டுரையில் எழுதமாட்டேன். சான்றிதழ் போனால் போகட்டும்.

தங்கை


மார்ச் 10

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் நலம், கவலைப்படாதே. உன் அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து மனுஷர் வாயில் பூட்டுப் போட்டதுபோல இருக்கிறார். என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டால், "எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது" என்கிறார். சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். சட்டையைத் துவைக்கப் போட எடுத்தால் பிடுங்கிக்கொள்கிறார்.

எழுதுவார். நீ தப்பாக நினைக்காதே.

உன் அண்ணி


மார்ச் 18

வாயாடிக்கு அண்ணன் எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? இரண்டு மாதம் பதில் போடாதது தப்புதான். ஆறு தாள் கிழித்தேன்.

கட்டுரையில் எழுது. ஒன்றும் மறைக்காதே. ஆனால் ஒரு இடத்தைத் திருத்து. நான் ஒன்றும் புரியாமல் நின்றதாக எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிந்தது.

மூன்றாம் மாதத்திலிருந்தே புரிய ஆரம்பித்துவிட்டது. வாயைத் திறந்தால் தப்பாக வரும், சிரிப்பார்கள் என்று பயம். ஒரு பிசிறு இல்லாமல் முழுசாக வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் வாத்தியார் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அடுத்து நீ அப்பாவிடம் சொன்னதையும் கேட்டேன்.

ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பாய். உன்னைக் காப்பாற்ற என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அதுவும் கொஞ்சம் உண்டு, நீ கவுனைத் திருகிக்கொண்டு நின்ற நிற்பு எனக்குத் தெரிந்தது. ஆனால் முழு நிஜம் அது இல்லை. "அப்படிச் சொல்லலைப்பா" என்று நான் வாயைத் திறந்திருந்தால், "இவ்வளவு தெரிஞ்சும் ஒரு வருஷமா ஏன்டா பேசலை?" என்று அப்பா கேட்பார். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. அந்த ஈரக்கோட்டு வாடையிலிருந்து தப்பித்தால் போதும் என்றும் இருந்தது. நீ கதவைத் திறந்துவிட்டாய், நான் ஓடிவிட்டேன். இது நீ ஒருத்தி செய்தது இல்லை.

கோபம் இல்லாமல் இருந்தேன் என்று பூசி மெழுகமாட்டேன். நீ டீச்சர் சான்றிதழ் வாங்கிய விழாவுக்கு நான் வரவில்லை. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். எந்த லிஃப்டும் நிற்கவில்லை. மெஷின் ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். அது போயிற்று. என்றைக்குப் போயிற்று என்று தெரியவில்லை, இந்தக் கடிதம் வந்தபோது தேடிப்பார்த்தேன், காணோம். உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு குறைதான். வாத்தியார் என்னைப் பற்றிச் சொன்னது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா கடைசிவரை கேட்காமலே போய்விட்டார். அவருடைய கடைசிக் காலத்தில் பக்கத்திலேயே இருந்தேன், சொல்லியிருக்கலாம். நானே என்னைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொள்வது?

வாத்தியார் பேசியதை அவர் பேசிய இங்கிலீஷிலேயே தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருக்கும், சிவப்பு மை எடுக்காதே. அன்றைக்கு நீ அப்பாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத் தமிழில் ஒருதரம் சரியாகச் சொல்லு. அப்பாவுக்குச் சொல்வதுபோலவே சொல்லு. எனக்குக் கேட்கவேண்டும்.

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். கட்டுரையைக் கொடுத்துவிட்டேன், நீ சொன்ன இடத்தைத் திருத்தித்தான் கொடுத்தேன். அதை அவர்கள் என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

உன் தாளை வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். இதோ.

அப்பா, வாத்தியார் சொல்றாரு: "உங்க பையன் இன்னும் பேச ஆரம்பிக்கலை. ஆனா இந்த வகுப்புல அவனை மாதிரி காது கொடுத்துக் கேக்கிறவன் வேற யாருமே இல்லை. நான் தப்பாச் சொன்னாகூட அவன் முகத்துலதான் முதல்ல தெரியுது. அவனை அவசரப்படுத்தாதீங்க, வேற எங்கயும் மாத்தாதீங்க. இன்னும் ஒரு வருஷம் எங்கிட்ட விடுங்க. அவன் பேசற அன்னைக்கு நாமெல்லாம் வாயை மூடிக்கிட்டுக் கேட்போம்."

இதான்பா அவர் சொன்னது.